கண்மூடி ஜெபித்தபோது காணாமல் போன செல்வி

ஆண்டவரை நம்பி நடக்கிற உங்கள் எல்லோருக்கும் எஸ்தரின் அன்பு. என் சாட்சியை எழுதித் தரும்படி குவீன்ஸ்டவுன் மாதர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். மற்றவர்கள் சாட்சியில் ஆபத்து முதலில் வரும், ஜெபம் பிறகு வரும். என் கதையில் ஜெபம்தான் முதலில் வந்தது. நான் பிள்ளைகளை வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தபோதுதான் ஒரு பிள்ளை காணாமல் போனது. இதை எப்படிச் சாட்சியாகச் சொல்வது என்று பல வருஷம் தெரியாமல் இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. ஃபேரர் பார்க் பக்கத்தில், எங்கள் சபைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் ஒரு பாலர் பள்ளி நடந்தது. அங்கே நான் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பகலில் பிள்ளைகளோடு வேலை, சில சாயங்காலங்களில் வகுப்பு. பெயர்தான் பயிற்சி ஆசிரியை. மூக்கைத் துடைப்பது, மாவுப் பால் கலக்குவது, ஈரமான கால்சட்டையை அலசிக் காயப்போடுவது, களிமண்ணைப் பிசைந்து வைப்பது, மதியத் தூக்கத்துக்குப் பாய் விரிப்பது எல்லாம் என் தலையில். பாட்டுப் பாடிக் கதை சொல்கிற பாக்கியம் எப்போதாவது கிடைக்கும். அதற்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை மிஸஸ் நல்லதம்பி யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் கட்டிய கஞ்சி போட்ட சேலை சாயங்காலம் வரை ஒரு மடிப்புக் கலையாது. நான் அதற்கு நேர் எதிர். எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. நின்றால் கால் ஆடும், உட்கார்ந்தால் விரல் தாளம் போடும். கதை சொல்லிக்கொண்டே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன், மறுபடி போய்த் திறப்பேன். "எஸ்தர், பிள்ளையள் அசையாமல் இருக்கினம். நீர்தான் எழும்பி எழும்பி ஓடுறீர். உமக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாதோ?" என்பார். நான் சிரித்துச் சமாளிப்பேன். வீட்டிலும் இதே பாட்டுத்தான். என் அம்மா எனக்கு வைத்த பெயர் காற்றாடி.

ஜெபத்தில் மட்டும் நான் அசையமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, கைகளைக் கூப்பி, கண்களை இறுக்க மூடச் சொல்லுவோம். நம் சபைகளில் எல்லா இடத்திலும் அப்படித்தானே. கண்ணைத் திறந்தால் ஜெபம் இல்லை என்றுதான் எனக்கும் சொல்லி வளர்த்தார்கள். "டீச்சர், இவன் கண்ணைத் திறந்துட்டான்" என்று ஏதாவது ஒரு பிள்ளை கோள் சொல்லும். சொன்ன பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் ஜெபம் நீளமானது. சோற்றுக்கு நன்றி சொல்லித் தொடங்கி, வியாதியஸ்தர், கடலில் போகிறவர், அரசாங்கம் என்று போய்ச் சேருவதற்குள் சோறு ஆறிவிடும்.

செல்விக்கு நான்கு வயது. அப்பா ராமையா அண்ணன் சாலை போடுகிற முனிசிபல் வேலையில் இருந்தார். அவர்கள் சபைக் குடும்பம் இல்லை, கோயிலுக்குப் போகிறவர்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதால் பிள்ளையை எங்களிடம் விட்டிருந்தார். அந்த வாரம் செல்வியின் அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முந்தின பிரசவத்தில் ஒரு குழந்தை தங்கவில்லை. அதனால் இந்த முறை நாள் நெருங்குவதற்கு முன்பே படுக்கவைத்துவிட்டார்கள்.

பிள்ளை சும்மா இருக்குமா? அம்மா எங்கே, அம்மா எங்கே என்று ஒரே நச்சரிப்பு. இதற்கு நம் வீடுகளில் என்ன பதில் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். "அம்மா தம்பி வாங்கப் போயிருக்கா." அப்பா அதைத்தான் சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைத்தான் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். வேறு மாதிரி சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்து மழைக்காலம் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. மிஸஸ் நல்லதம்பி முன்னறையில் யாரோ பெற்றோரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினேன். வழக்கம்போல எல்லாரையும் நினைத்துக்கொண்டு, கடைசியில் செல்வியின் அம்மாவுக்கும் வந்தேன். ஆண்டவரே, செல்வியின் அம்மா நல்லபடியாகத் தம்பியை வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீடு வந்து சேரவேண்டும் என்று உருக்கமாகக் கேட்டேன். எனக்கே கண் கலங்கியது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். செல்வி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

முதலில் கழிவறையில் பார்த்தேன். பாய் அடுக்கிய அறையில் பார்த்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். பிறகுதான் பக்கவாட்டுக் கம்பிக் கதவு கண்ணில் பட்டது. கொக்கி கழன்று கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு மரக்கட்டை கிடந்தது. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிற கட்டை. அதன்மேல் ஏறி எம்பித் திறந்திருக்கிறாள். நான் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்த அதே அறையில், எனக்கு நாலடி தள்ளி.

மிஸஸ் நல்லதம்பி ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. "நீர் ஓடும், எஸ்தர். நான் மற்றப் பிள்ளையளோட நிக்கிறன். முத்துவைத் தகப்பனிட்ட அனுப்புறன்," என்றார். முத்து எங்கள் சபைக் காவல்காரர். அவர் ஒரு பக்கம் சைக்கிளை எடுத்தார், நான் ஒரு பக்கம் ஓடினேன்.

எங்கே ஓடுவது? சிராங்கூன் ரோட்டில் பஸ், லாரி, மாட்டுவண்டி, டிரைஷா எல்லாம் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. பூக்கடைக்காரரிடம் கேட்டேன். மளிகைக் கடையில் கேட்டேன். "சிவப்புக் கவுன், நெஞ்சுல கைக்குட்டை குத்தியிருக்கும், பாத்தீங்களா?" எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டையில் ஊசியால் ஒரு கைக்குட்டை குத்திவைப்போம். யாரும் பார்க்கவில்லை. "திடல் பக்கம் பாரும்மா, பிள்ளைங்க அங்கதான் ஓடும்," என்றார் ஒருவர். ஃபேரர் பார்க் திடலுக்கு ஓடினேன். பந்து விளையாடுகிற பையன்கள்தான் இருந்தார்கள். திரும்பி ஓடினேன். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அம்மாவைத் தேடிப் போயிருப்பாள், வேறு எங்கே போவாள்? தேக்காவைத் தாண்டி, கால்வாய்ப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா தடுத்தார். பார்வையாளர் நேரம் இல்லை என்றார். நான் உள்ளே போகவேண்டாம், தனியாக ஒரு சின்னப் பிள்ளை வந்ததா என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். எந்தப் பிள்ளையும் வரவில்லை.

மாடியில் அந்தத் தாய் படுத்திருந்தார். வயிற்றில் ஒரு பிள்ளை. ஏற்கனவே ஒன்றைப் பறிகொடுத்தவர். இந்தச் செய்தி அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.  ஜாகாவிடம் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் பாலத்துக்குத் திரும்பினேன்.

பாலத்தில் நின்று கால்வாயைப் பார்த்தேன். கடல் ஏறுகிற நேரம். தண்ணீர் சேற்று நிறத்தில் உயர்ந்துகொண்டிருந்தது. மேலே மழை இறங்கத் தயாராக இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் கால்வாய் கரை புரண்டு தெருவெல்லாம் வெள்ளமாகும் என்று அங்கே குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீருக்கு நான்கு வயதுப் பிள்ளை எந்த மூலைக்கு?

நான் ஜெபித்தேன். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்த ஒரு நொடியில் எங்காவது சிவப்புக் கவுன் கடந்துபோய்விடும் என்று பயம். வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணைத் திறந்தபடி, தண்ணீரைப் பார்த்தபடி, நடந்தபடி ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்லவே எனக்குக் கூச்சம். சண்டை அது. "உம்மகிட்ட பேசிக்கிட்டு இருந்தப்பதானே போனா. நான் கண்ண மூடியிருந்தேன், சரி. நீருமா மூடியிருந்தீர்?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். நீளமான ஜெபம் எல்லாம் மறந்துபோயிற்று. கண்ணில் காட்டும், கண்ணில் காட்டும் என்று அது ஒன்றையே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

கால்வாய்க் கரையோடு கீழ்ப்பக்கம் போய்த் தேடுவது என்று முடிவு செய்தேன். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. அது நின்று நிதானித்து வருகிற மழை இல்லை. கண்ணை மறைக்கிற மழை. ரோட்டில் இருந்த ஜனம் மொத்தமும் தேக்கா மார்க்கெட்டுக்குள் ஓடியது. நான் எதிர்ப்பக்கம் போகப் பார்த்தேன். முடியவில்லை. குடையும் கூடையும் தோளும் முட்டி, என்னையும் சேர்த்துக் கூட்டம் உள்ளே தள்ளிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு கேட்டும் வழியையும் அடைத்துவிட்டீரே என்று ஆண்டவரிடம் பல்லைக் கடித்தேன்.

மறுபக்க வாசல் வழியாக வெளியேறலாம் என்று மார்க்கெட்டுக்குள்ளேயே முண்டியடித்து நடந்தேன். மீன்கடை ஈரத்தில் வெறுங்கால் வழுக்கியது. காய்கறிக் கடைகளைத் தாண்டி, கோழிக்கூடைகள் அடுக்கிய பக்கம் திரும்பினேன். அங்கே முட்டை விற்கிற ஒரு சீன அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி. அதன்மேல் செல்வி உட்கார்ந்திருந்தாள்.

சிவப்புக் கவுன், நெஞ்சில் கைக்குட்டை. ஒரு துளி நனையவில்லை. கையில் தன் கண்ணாடி வளையலைக் கழற்றிப் பிடித்திருந்தாள். அதைச் சீன அம்மாளிடம் நீட்டிக்கொண்டே இருந்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அந்த அம்மாள் மலாயில் கொட்டித் தீர்த்தார். "இனி புடாக் மாவ் பெலி அடிக், லா! சாயா சக்காப் தாடா ஜுவல். டியா தா மாவ் பாலிக்." இந்தப் பிள்ளைக்குத் தம்பி வாங்க வேண்டுமாம். இங்கே விற்பதில்லை என்று சொன்னாலும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். பெற்றவர் யாராவது வருவார்கள் என்று வியாபாரத்தை விட்டுவிட்டு அவளைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"டீச்சர், இங்க தம்பி இல்லையாம்," என்றாள் செல்வி. "அம்மாவும் இல்ல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வீட்டில் மீன் வாங்குவது தேக்காவில், காய் வாங்குவது தேக்காவில், கோழி வாங்குவது தேக்காவில். தம்பியை வேறு எங்கே போய் வாங்குவார்கள்? நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் சொன்னதை அவள் ஒருத்திதான் அப்படியே நம்பியிருந்தாள். அம்மாவுக்கு நேரமாகிறதே, நாமும் போய் உதவுவோம் என்று கிளம்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி, திடல், கால்வாய் என்று நான் தேடியது எல்லாம் பெரிய ஆளின் புத்தி. மார்க்கெட் என் நினைவிலேயே இல்லை. அந்த மழை என்னைத் தள்ளாமல் இருந்திருந்தால் நான் கரையோடு வெகுதூரம் போயிருப்பேன், இவள் மறுபடி தெருவில் இறங்கியிருப்பாள்.

அவளை வாரி எடுத்தேன். சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. "வலிக்குது டீச்சர்," என்றாள். பிடியைத் தளர்த்தவே மனம் வரவில்லை. சீன அம்மாள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மழை சற்றுக் குறைந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கு வந்தேன். மண்டபத்தில் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடியிருந்தார்கள். மிஸஸ் நல்லதம்பி மட்டும் வாசலில் நின்று, கண்ணை அகலத் திறந்து தெருவைப் பார்த்தபடி சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பாதியில் நிறுத்தினார். "வந்திட்டினம் பிள்ளையள், கண்ணைத் திறவுங்கோ," என்றார். அவருடைய சேலைத் தலைப்பு கசங்கிச் சுருண்டு கிடந்தது.

ராமையா அண்ணன் தார் ஒட்டிய காலோடு, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். நான் எழுந்து நின்று, "அண்ணே, பிள்ள எங்கிட்ட இருந்தப்பதான் போனா. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்," என்றேன்.  அவர் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அன்றைக்கு வீட்டில் என்னால் உட்காரவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. நடையாய் நடந்தேன். பிள்ளை கிடைத்துவிட்டது, ஆனால் ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை. உம்மை நம்பித்தானே கண்ணை மூடினேன், நீர் அவளைப் போகவிட்டீரே என்ற கோபம் உள்ளே கிடந்து அறுத்தது. காலையில் போய் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றை மூடிவைத்தார்.

அதைச் சொல்லத்தான் மறுநாள் நேரத்தோடு போனேன். மிஸஸ் நல்லதம்பி இன்னும் வரவில்லை. வாசலில் ராமையா அண்ணன் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையை நிறுத்திவிட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நேத்து ஒன்னும் பேசாம போயிட்டேன், டீச்சர். பேச்சு வரல," என்றார்.

"நீங்க வேற எங்கயாச்சும் சேக்கறதா இருந்தா நானே மிஸஸ்கிட்ட சொல்றேன், அண்ணே."

"வேற எங்க சேக்குறது? நேத்து வெறுங்காலோட ஓடித் தேடுனது நீங்கதானே."

அவ்வளவுதான் சொன்னார். பிள்ளையின் கையை எடுத்து என் கையில் வைத்தார்.

பிரியமானவர்களே, எனக்குள் கிடந்த கோபம் அந்த இடத்தில் விட்டுப்போயிற்று. நான் வேலையை விடவில்லை. பயிற்சியை முடித்தேன். இன்றுவரை பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். கால் இன்னும் ஆடத்தான் செய்கிறது, அதை ஆண்டவர் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகளோடு ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொள்கிறேன். சபையில் இரண்டொருவருக்கு அது பிடிக்கவில்லை. அம்மா பாப்பா பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லும்படி தாய்மாரிடம் சொல்லுகிறேன். "கல்யாணமாகாத பொண்ணு பேசுற பேச்சா இது?" என்று அந்த நாளில் வாயில் கைவைத்துச் சிரித்தார்கள். செல்வியின் அம்மாவுக்கு அந்த வாரமே சுகப் பிரசவம். தங்கச்சி பிறந்தாள். "தம்பிதானே கேட்டேன்?" என்று செல்வி என்னிடம் வந்து முறையிட்டாள்.

உங்களில் யாராவது ஜெபித்தும் ஒன்றை இழந்திருக்கலாம். இனி ஆண்டவர் கையில் எதையும் கொடுப்பதில்லை என்று மனத்தை இறுக்கி வைத்திருக்கலாம். நானும் அப்படி இருந்தவள்தான். உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வசனம் எதுவும் இல்லை. ராமையா அண்ணனை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பிள்ளையைத் தவறவிட்டவளின் கையில் மறுநாள் காலையிலேயே பிள்ளையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு நடந்துபோனார்.